மெயின் ஜெட்

— நீ போய் கறி வாங்கிட்டு வா டிரேவர். பன்னெண்டு மணிக்கு மேல போனா எலும்பும் கொழுப்பும்தான் போடுவான். இதை நான் பாத்துக்கறேன்.

— கறி ஒண்ணும் வேணாம் மம்மி. நான் இங்கயே உக்காந்துக்கறேன்.

— பக்கத்துல உக்காந்துக்கினு என் கையையே பாத்துக்கினு இருந்தா எனக்கு வேலை ஓடாதுடா.

— அதான் சொல்றேன், வேலையே வேணாம். சும்னே எதுக்கு அந்தக் கார்புரேட்டரைத் திறந்துக்கிட்டு? நாலு மணிக்கு தர்ஷினி வீட்டுக்கு வர்ற. அவங்கப்பா கேப்பாரு. 'கார்புரேட்டர் சரியில்ல, சர்வீஸ் பண்ணவரு ஒழுங்கா பண்ணல'ன்னு ஒரே ஒரு லைன் சொல்ற. ஆயித்து. எந்திரிச்சு வந்துடலாம்.

— திறந்து பாக்காம எப்படிடா சொல்றது?

— நீ சொன்னா யாரு குறுக்க பேசுவா? பதினெட்டு வருஷம் கார்புரேட்டர் ஃபேக்டரியில ஜெட் செக்‌ஷன்ல இருந்த ஆளு நீ. தர்ஷினி அப்பா பாலகுமார் சாரே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு, 'எனக்கு மெக்கானிக் யாரும் வேணாம், ஐரின் அம்மா பாத்து என்ன சொல்றாங்களோ அதான்'னு.

— அதனாலதான்டா திறந்து பாக்கணும்ங்கறேன். நான் சொல்ற ஒரு வார்த்தையை வெச்சு ஃபிராங்க்ளின் அண்ணனைக் கடையை விட்டுக் கிளப்பப்போறாரு அந்த மனுஷன். அவரு இடம், அவரு ஷட்டரு, நான் ஒண்ணும் கேக்க முடியாது. ஆனா இருபத்திரண்டு வருஷமா அண்ணன் அதே இடத்துல உக்காந்துக்கினு இருக்காரு. ஜீவனஹள்ளியில யாரு வண்டி மக்கர் பண்ணாலும் அங்கதான் தள்ளிக்கினு போவாங்க.

— ஃபீல் பண்ணாத மம்மி. தப்பு பண்ணா கிளம்பத்தான் வேணும். புதன்கிழமை சர்வீஸ் குடுத்தேன். வியாழக்கிழமை சாயந்திரம் மேம்பாலம் ஏர்றப்ப வண்டி நின்னுடுச்சு. பின்னாடி வந்த டெம்போ உரசிட்டுப் போயிட்டான். பின்சீட்டுல இருந்த தர்ஷினி விழுந்து காலு போச்சு. இதுல வேற யாரைச் சொல்றது?

— அவரு உன் ஞானத்தகப்பன். உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறப்ப உன்னைக் கையில ஏந்திக்கினு நின்னவரு.

— ஞானத்தகப்பன்னா சர்வீஸ் எப்படி வேணா பண்ணலாமா? தப்பு இல்லன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்ல? வெள்ளிக்கிழமை அத்தனை பேரு நின்னு கேக்கறோம். தலையைக் குனிஞ்சிட்டு அந்த அழுக்குத் துணியில கையைத் துடைச்சிட்டே இருந்தாரு. 'நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்'னாரு. இதுக்கு என்ன அர்த்தம், நீயே சொல்லு.

— எனக்கும் அதான் புரியல. இன்னிக்குப் பூசை முடிஞ்சு வெளிய வர்றப்ப என்னைப் பாத்தாரு. எப்பவும், 'என்னா ஐரினு, காப்பித்தூள் இருக்குதா'ன்னு எதையாவது கேப்பாரு. இன்னிக்குச் செருப்பை மாட்டிக்கினு மாதா கெபி பக்கமா போயிட்டாரு.

— குத்தமுள்ள மனசு.

— நீ பேசாத. அந்த ஸ்டீல் கிண்ணத்தை எடு. பாட்டில்ல இருக்கிற பெட்ரோலைக் கால் கிண்ணம் ஊத்து. பழைய டூத் பிரஷ் ஒண்ணு ஜன்னல் மேல வெச்சிருக்கேன் பாரு.

— இதை எப்ப வண்டியில இருந்து கழட்டின? நான் எந்திரிக்கறதுக்குள்ளயே மேசை மேல கிடக்குது.

— பூசைக்குப் போறதுக்கு முன்னாடி. சீட்டைத் தூக்கி, கீழ இருக்கிற டப்பாவோட நாலு போல்ட்டைக் கழட்டுனா கை உள்ள போயிடும். இருபது நிமிஷ வேலை.

— கண்ணை மூடிட்டே பண்ணுவ போல.

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல மம்மி. சீக்கிரம் பண்றேன்னு சொன்னேன்.

— உன் கையைக் காட்டு. கட்டு நனைஞ்சிருக்குது. பெட்ரோல் பட்டா எரியும், நீ கிட்ட வராத. உள்ளங்கைத் தோலு மொத்தமா வழிச்சிக்கினு போயிருக்குது. டாக்டரு என்னா சொன்னாரு?

— ஒரு வாரத்துல காஞ்சிடும்னாரு. என் கையை விடு. தர்ஷினிக்கு முட்டிக்குக் கீழ பிளேட் வெச்சிருக்காங்க. ஆறு மாசம் கம்பு ஊனித்தான் நடக்கணுமாம். வைட்ஃபீல்ட்ல அவ ஆபீஸ்ல அவ்வளவு நாளு சும்மா இருப்பாங்களான்னு தெரியல.

— நேத்து ஆஸ்பத்திரியில அவளைப் பாத்தேன். 'என்னாம்மா ஆச்சு, சொல்லு'ன்னு கேட்டேன். 'ஆண்ட்டி, வண்டியைப் பத்தி மட்டும் கேக்காதீங்க'ன்னு சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினா. எனக்கு அந்தப் புள்ள முகத்தைப் பாக்கவே முடியல டிரேவர்.

— வலி மம்மி. வலியில இருக்கிறவகிட்ட போய் இதெல்லாம் எதுக்குக் கேக்கற?

— சரி, நீ சொல்லு. இன்னொரு தடவை சொல்லு. ஏத்தத்துல எப்படி நின்னுச்சு? டக்குனு ஆஃப் ஆச்சா, இல்ல திணறித் திணறி நின்னுச்சா?

— அது... திணறித்தான். ஃபுல்லா முறுக்கறேன், இழுக்கவே இல்ல. அப்படியே படுத்துருச்சு.

— எவ்வளவுல போய்க்கினு இருந்த?

— நாப்பது. அந்த வண்டி நாப்பதுக்கு மேல எங்க ஏறுது? ரெண்டு மாசமா அதானே கதை. உனக்குத்தான் நல்லாத் தெரியுமே.

— தெரியும்.

— ஐஸ் பெட்டியில ரத்த சாம்பிள் வெச்சிட்டு ஓடறவன் நான். வீட்டுல எடுத்தா ஒன்றரை மணி நேரத்துல லேப்ல சேர்க்கணும். எல்லாரும் சர்ரு சர்ருனு போறான், நான் ஓரமா சைக்கிள்காரன் கூடப் போறேன். வாட்ஸ்அப் குரூப்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? 'தாத்தா எக்ஸ்பிரஸ்'. இதுக்குள்ள மூணு தடவை சர்வீஸ். சர்வீஸ் பண்ணா ஒரு நாளு ஓடும், மறுநாளு காலையில பாத்தா மறுபடியும் அதே நாப்பது.

— நீ சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன்.

— கேட்டுக்கிட்டுதான் இருந்த. ஒரு தடவையாவது, 'குடுடா நான் பாக்கறேன்'னு சொன்னியா? இவ்வளவு தெரிஞ்ச ஆளு.

— இப்பதானே பாக்கறேன்.

— இப்பதான் வேணாங்கறேனே.

— பின் லைட்டு உடையலயே டிரேவர்.

— என்னது?

— கழட்டறப்ப பாத்தேன். டெம்போ பின்னாலருந்து வந்தான்னு சொன்ன. பின் லைட்டு, நம்பர் பிளேட்டு எல்லாம் போட்டது போட்டபடி இருக்குது. இடது பக்கம் மட்டும் முன்னாலருந்து கடைசி வரைக்கும் ரோடு தேச்சிருக்குது.

— சைடுல உரசினான் மம்மி. ஹேண்டில் ஆடிப்போய் விழுந்தோம். நீ என்ன, போலீஸா?

— கேட்டேன்டா. கேக்கக்கூடாதா?

— ஒரு நிமிஷம் இரு, அவருதான் கூப்பிடறாரு. ஹலோ, சொல்லுங்க சார்... ஆங், மம்மி பாத்துட்டுதான் இருக்காங்க சார்... இல்ல சார், இன்னும் முடியல... அப்படியா? ஆனா இன்னும் நாங்க... சரி சார். ஹௌது சார். மூணு மணிக்கே வந்துடறோம்.

— என்னாவாம்?

— நாலு மணி இல்லயாம், மூணு மணிக்கே வரச் சொல்றாரு. மொபைல் கடை போடறதுக்கு ஒரு ஆளு வந்து ஷட்டர் அளவெல்லாம் எடுத்துட்டிருக்கானாம்.

— நான் பாத்துச் சொல்றதுக்கு முன்னாடியேவா?

— நீ என்ன சொல்லுவன்னு அவருக்குத் தெரியாதா மம்மி? யாருக்கா இருந்தாலும் தெரியும். பாரு, நான் ஓபனாவே சொல்றேன். சர்வீஸ் தப்புன்னு ஆச்சுன்னா விஷயம் அங்கயே முடியும். இல்லன்னா என் பேர்ல வரும். வேகமா ஓட்டி என் பொண்ணைத் தள்ளிட்டான்னு கம்ப்ளைண்ட் குடுத்துடுவாரு. கல்யாணப் பேச்செல்லாம் அத்தோட காலி. ஏற்கெனவே சர்ச்சா கோயிலான்னு அவங்க வீட்டுல ஓடிட்டிருக்குது. இந்த ஒரு விஷயம் போதும் அவங்களுக்கு.

— புரியுதுடா. நீ சொல்லாமயே புரியுது. அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் குடு. சிவப்புப் பிடி போட்டது.

— இப்பவும் திறக்கத்தான் போறியா?

— வெளிய இருந்து ஆரம்பிப்போம். இது ஏர் ஸ்க்ரூ. இதை உள்ள முழுசா திருகி உக்கார வைக்கணும், எத்தனை சுத்து உள்ள போகுதுன்னு எண்ணிக்கினே வரணும். அத்தனை சுத்து வெளிய வெச்சிருந்தாருன்னு அர்த்தம். எண்ணு என்கூட. ஒண்ணு.

— மம்மி...

— ரெண்டு. கால். உக்காந்துருச்சு. ரெண்டேகால் சுத்து. இந்த மாடலுக்கு எங்க ஃபேக்டரியில வெச்சு அனுப்பறதும் ரெண்டேகால்தான். வேற மெக்கானிக்குன்னா காதுக்கு நல்லா இருக்குதான்னு கேட்டுட்டு மூணு, மூணரைன்னு விட்டுடுவான். இது ஃபிராங்க்ளின் அண்ணன் கை. ஒழுங்கா எண்ணி வெச்சிருக்காரு.

— ஒரு ஸ்க்ரூ கரெக்டா இருந்தா எல்லாம் கரெக்டா?

— அதான் ஒவ்வொண்ணா பாக்கறேன். அடிக்கிண்ணத்தைக் கழட்டறேன், பிடிச்சிக்கோ. சாய்க்காத. உள்ள இருக்கிற பெட்ரோலைப் பாரு.

— பாத்தேன்.

— அழுக்கு இருக்குதா? தண்ணி முட்டை முட்டையா அடியில நிக்குதா?

— இல்ல.

— துருவும் இல்ல, மண்ணும் இல்ல. இந்தக் கிண்ணத்துலயே சோறு திங்கலாம். மிதவையைப் பாரு, ஓட்டை கிடையாது. அதோட ஊசி, நுனி தேயல. இது சின்ன ஜெட். ஸ்டார்ட் பண்றதுக்கும் சும்மா நிக்கறப்ப ஓடறதுக்கும் இதான். இதுவும் பளிச்சுனு இருக்குது. ஊதிப் பாத்துட்டேன். அண்ணன் வேலையில ஒரு குறையும் இல்ல டிரேவர். நான் என்னான்னு போய் பொய் சொல்றது?

— அவ்வளவுதான்ல? பாத்தாச்சுல்ல? மூடிடு.

— இன்னும் ஒண்ணு இருக்குது. நடுவுல. மெயின் ஜெட்.

— அது எதுக்கு? டைம் ஆகுது மம்மி. மூடு, நான் போய் கறி வாங்கிட்டு வர்றேன். நீ குளிச்சு ரெடியாகு.

— இப்ப மட்டும் கறி வாங்கப் போறியா? இப்ப நீ போகக் கூடாது. உக்காரு.

— என்ன மம்மி?

— உக்காருடா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும். காலையில இருந்து சொல்லணும்னு பாக்கறேன். உன்னைக் கறி வாங்க அனுப்பிட்டு, நீ வர்றதுக்குள்ள எடுத்துப் போட்டுடலாம்னுதான் பாத்தேன். பூசைக்கு முன்னாடி கழட்டி மேசை மேல வெச்சப்பவே எடுத்திருக்கலாம். கை வரல. சாமியார் பிரசங்கம் பண்றாரு, ஒரு வார்த்தை என் காதுல விழல.

— எதை எடுக்கறதுக்கு?

— வேகமா போறப்ப பெட்ரோல் இந்த மெயின் ஜெட் வழியாத்தான் போகும். நடுவுல ஒரு ஓட்டை இருக்கும், முடி கனம். அந்த ஓட்டையில பாதி அடைஞ்சா வண்டி ஸ்டார்ட் ஆகும், மெதுவா ஓடும், ஒண்ணும் தெரியாது. முறுக்கினா மட்டும் பெட்ரோல் பத்தாது. நாப்பதுல நின்னுடும். பெரிய ஏத்தம் வந்தா, பின்னாடி ஆளும் இருந்தா, திணறும். நீ சொன்னியே, அதே மாதிரி.

— சரி.

— அதுல ஒரு கம்பி இருக்குது டிரேவர். இஸ்திரிப் பெட்டி ஒயரைப் பிரிச்சு எடுத்த செம்புக் கம்பி, ஒத்தை இழை. நான்தான் வெச்சேன். கேட்டுச்சா? உன் அம்மா நான் வெச்சேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, சாம்பல் புதன் அன்னிக்கு முதல் தடவை. நீ ஃபிராங்க்ளின் அண்ணன்கிட்ட சர்வீஸ் குடுப்ப. அவரு ஏர் அடிக்கிறப்ப கம்பி எங்கயோ பறந்து போயிடும், அவரு கண்ணுல கூட பட்டிருக்காது. வண்டி நல்லா ஓடும். மறுநாள் விடியக்காலையில, நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, நான் மறுபடியும் ஒரு இழை வெப்பேன். மூணு தடவை. கடைசியா வெச்சது இந்த வியாழக்கிழமை. சாயந்திரம் நீ தர்ஷினியை ஏத்திக்கினு மேம்பாலத்துல போயிருக்க.

— எதுக்கு மம்மி?

— எதுக்குன்னு கேக்கறியா? நீ வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து எனக்குச் சோறு இறங்கலடா. போன் அடிச்சா நெஞ்சு நின்னுடுது. தெரியாத நம்பர்னா எடுக்கவே பயமா இருக்குது. உங்கப்பாவைப் பத்தி உன்கிட்ட நான் ஒண்ணு சொன்னதே இல்ல.

— டாடி ஆனேக்கல் ரோட்டுல லாரியில மோதினாரு. அதான் தெரியுமே.

— அதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு தெரியுமா? 'ஐரின், வண்டி ஐம்பத்தஞ்சுக்கு மேல போகமாட்டேங்குதுடி, நீ ஜெட் செக்‌ஷன்தானே, ஏதாவது பண்ணு'ன்னாரு. எனக்குப் பெருமை. என் வேலை எங்க வீட்டு வண்டிக்கு ஆகாமலா. இதே மேசை, இதே கிண்ணம். ஒரு நம்பர் பெரிய ஜெட்டா பாத்துப் போட்டேன். ஏர் ஸ்க்ரூவைப் பாட்டு கேக்கற மாதிரி காதை வெச்சுக் கேட்டுத் திருகினேன். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து ஹெல்மெட்டைக் கூட கழட்டல, 'பறக்குதுடி'ன்னாரு. அவ்வளவு சந்தோஷமா அவரை நான் கல்யாணத்துல கூட பாக்கல. மூணாவது நாளு உங்க ஆம்ப்ரோஸ் பெரியப்பா வந்து வாசல்ல நின்னாரு. அவரு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

— நீ இதை என்கிட்ட சொன்னதே இல்ல.

— யாருகிட்டயும் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்லல. ஃபிராங்க்ளின் அண்ணனுக்கு மட்டும் தெரியும். விழுந்த வண்டியைப் பிரிச்சுப் பாத்தவரு அவருதான். பெரிய ஜெட் போட்டிருக்கிறதைப் பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல.

— மம்மி, டாடி வேகமா போனாரு. அதுக்கு நீ என்ன பண்ணுவ?

— வேகத்தைக் குடுத்தது நான்தானே. அதான், என் புள்ளைக்கு அந்த வேகம் கிடைக்கவே கூடாதுன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல. ஃபேக்டரியில சேந்த முதல் நாளே சூப்பர்வைசர் அம்மா சொல்லுவாங்க, 'ஜெட்டுல கம்பி விட்டவளுக்கு இங்க வேலை கிடையாது'ன்னு. பதினெட்டு வருஷத்துல ஒரு நாளு கூட நான் விட்டதில்ல. பெத்த புள்ள வண்டியில விட்டேன். நீ மெதுவா போனா பத்திரமா இருப்பன்னு நினைச்சேன். ஏத்தத்துல நின்னு போகும், பின்னாடி வண்டி வரும், இன்னொருத்தர் வீட்டுப் பொண்ணு விழும்னு நினைக்கல. தர்ஷினி காலு என்னாலதான் போச்சு.

— மம்மி, அழாத. அது அப்படி இல்ல...

— எப்படி இல்ல?

— ஒண்ணுமில்ல. உன் மேல எனக்குக் கோவமில்ல. சத்தியமா. நீ அழாத. பாரு, இது நமக்குள்ளயே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம். அதை அப்படியே மூடிடு. மூணு மணிக்குப் போறோம், சர்வீஸ் சரியில்லன்னு ஒரு லைன், அவ்வளவுதான். ஃபிராங்க்ளின் அங்கிளுக்குக் கை வேலை இருக்குது, எங்க உக்காந்தாலும் நாலு வண்டி வரும். பனஸ்வாடியில ஒரு இடம் நானே பாத்துத் தர்றேன்.

— என்னடா பேசற?

— ப்ராக்டிக்கலா பேசறேன் மம்மி. நீ போய், நான்தான் வெச்சேன்னு சொன்னா தர்ஷினி வீட்டுல உன்னை என்ன சொல்லுவாங்க? நாளைக்கு அவளுக்கு நீ மாமியார். யோசிச்சுப் பாத்தியா?

— யோசிச்சுட்டேன். ரெண்டு நாளா அதைத்தான் யோசிச்சேன். பாலகுமார் சார் என்னைக் காறித் துப்பட்டும். அந்தப் புள்ள கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறேன். தப்பே பண்ணாத மனுஷன் மூட்டை கட்டறதைப் பாத்துக்கினு ஞாயித்துக்கிழமை நற்கருணை வாங்க என்னால முடியாது. அந்த நீட்டு ஸ்க்ரூ டிரைவரைக் குடு.

— எதுக்கு?

— மெயின் ஜெட்டைக் கழட்டறதுக்கு. வெறும் வாயில சொன்னா நம்பமாட்டாங்க. அண்ணனைக் காப்பாத்தறா, பையனைக் காப்பாத்தறான்னு ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க. கம்பியோட ஜெட்டைக் கழட்டி பாலகுமார் சார் கையில குடுப்பேன். அப்புறம் யாரும் ஒண்ணும் பேச முடியாது.

— வேணாம் மம்மி.

— குடுடா.

— வேணாம்னு சொல்றேன்ல. கார்புரேட்டரை இப்படிக் குடு. நானே எடுத்துட்டுப் போறேன்.

— கையை எடு. கட்டு அவுந்துக்கினு வருது பாரு. என்னாத்துக்கு இப்படிப் பிடுங்கற? தப்பு பண்ணவ நான், நீ இல்ல.

— ப்ளீஸ் மம்மி. எனக்காக.

— உனக்காகத்தான் அந்தக் கம்பியையே வெச்சேன். போதும். தள்ளிக்கோ, வெளிச்சம் மறைக்குது. கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்குது. ஆங். வந்துருச்சு. ஜன்னல் பக்கம் வா.

— எதுக்கு?

— வாடா. என் கண்ணுல தண்ணியா இருக்குது, எனக்குச் சரியாத் தெரியல. இதை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு நீ பாரு. என்ன தெரியுது?

— ஓட்டை தெரியுது.

— ஓட்டைக்குள்ள?

— ஆகாசம்.

— கம்பி?

— இல்ல.

— தலைப்பக்கம் கொக்கி மாதிரி வளைச்சு வெச்சிருந்தேன். தானா விழாது. பெட்ரோலும் இழுத்துக்கினு போகாது. கிண்ணத்துல தேடிப் பாத்தேன், அதுலயும் இல்ல. வியாழக்கிழமை விடியக்காலையில என் கையால வெச்ச கம்பி எங்க டிரேவர்? கம்பி இல்லன்னா வண்டி திணறவும் இல்ல, நிக்கவும் இல்ல.

— மம்மி...

— டெம்போன்னு ஒண்ணு வந்துச்சா?

— இல்ல.

— ஏத்தமா, இறக்கமா?

— இறக்கம்.

— எவ்வளவுல போன?

— எண்பது இருக்கும். இடது பக்கமா சறுக்கி விழுந்துட்டோம். அவ மெதுவா போ, மெதுவா போன்னு தோளை அடிச்சிட்டே இருந்தா. ரெண்டு மாசமா அடங்கிக் கிடந்த வண்டி அன்னிக்கு இழுத்துச்சு. பறந்துச்சு மம்மி. என்னால விட முடியல.

— உங்கப்பா சொன்ன அதே வார்த்தை. கம்பியை எப்ப எடுத்த? இவ்வளவு நேரம் நான் அழறதைப் பாத்துக்கினு உக்காந்திருந்தியே, அதையாவது சொல்லு.

— நான் எடுக்கல மம்மி. வியாழக்கிழமை மத்தியானம் வண்டி மறுபடியும் நாப்பதுலயே நிக்குதுன்னு ஃபிராங்க்ளின் அங்கிள்கிட்ட கொண்டு போனேன். அவருதான் எடுத்தாரு. அந்தக் கொக்கியைப் பாத்ததும், ஜெட் வேலை தெரிஞ்ச உன் கைன்னு தெரிஞ்சு போச்சு அவருக்கு. 'உங்கம்மா பயத்துல வெச்சிருக்கா, அவகிட்ட கேக்காத, இது வெளிய தெரிஞ்சா தாங்கமாட்டா, நான் சாகற வரைக்கும் சொல்லமாட்டேன், நீயா மெதுவா போ'ன்னு சொல்லிட்டு கம்பியை என் பர்ஸ்ல வெச்சாரு. வெள்ளிக்கிழமை அத்தனை பேரு கேட்டும் அவரு வாயைத் திறக்காதது அதுக்குத்தான்.